மூன்று கொட்டேஷனும் ஒரு கழுத்தும்

மருத்துவ வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு தைராய்டுக் கட்டி முறையான டெண்டர் நடைமுறையின்படி, வெளிப்படையாகவும் பாரபட்சமின்றியும், சந்தையில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த அளவில் இறுதி செய்யப்பட்டது என்பதை உலகத்தாருக்கு அறிவிப்பதில் இந்தக் கதை பெருமை கொள்கிறது. இந்தச் சாதனையைச் செய்தவர் டாக்டர் அல்லர். தண்ணீர் பம்புகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவு மேலாளர். டாக்டர்கள் இத்தனை காலமாக என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அவர்களே தங்களுக்குள் விசாரித்துக்கொள்வது நல்லது.

தொழிற்சாலையில் அவருக்கு முகத்துக்கு நேரே ‘சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ‘கொட்டேஷன்’. இது அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளூர மகிழ்ந்தார். மூன்று இடத்தில் விசாரிக்காமல் அவர் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. மூன்றையும் அட்டவணையாகக் கட்டம் போட்டு, எது குறைவோ அதன் மேல் பச்சை மையில் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்தைப் போடும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியைத் தியான வகுப்புகளில் பணம் கட்டியும் வாங்க முடியாது. ஒருமுறை கடைவாய்ப் பல் ஆடியபோது மூன்று பல் டாக்டர்களிடம் விசாரிக்கக் கிளம்பினார். விசாரித்து முடிப்பதற்குள் பல் தானாகவே விழுந்துவிட்டது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பேரம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

அவர் மனைவிக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் தனக்கென்று இருக்கும் தனி பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்தபடி, நாள் முழுக்க அடுத்தவர் பயத்தை அதட்டிக்கொண்டிருப்பவள். ஒருநாள், மாணவன் ஒருவன் காரை ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். தனக்காக மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் தன் தொண்டையைப் பார்த்தாள். தண்ணீர் இறங்கியது. கூடவே ஒரு கோலிக்குண்டு மேலே ஏறி இறங்கியது.

வகுப்பு முடிந்ததும் நேராகப் போய் ஒரு லேடி சர்ஜனைப் பார்த்துவிட்டாள். அந்த அம்மா அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி லேபுக்கு எழுதிக்கொடுத்தார். “ரிப்போர்ட் வந்ததும் வீட்ல உக்காந்து படிச்சுக் குழம்பாதீங்க. கையோட எங்கிட்ட கொண்டுவாங்க” என்றும் சொன்னார்.

மனைவிக்கு அன்றைக்கு இரண்டு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். அதனால் லேபில் ரிப்போர்ட்டை வாங்கும் பொறுப்பு கொட்டேஷனிடம் வந்து சேர்ந்தது. வரலாறு இப்படித்தான் தனக்கு வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

லேப் வாசலிலேயே உறையைப் பிரித்துவிட்டார். முக்கால் பக்கம். பாதி அவருக்குப் புரியவில்லை. நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது மட்டும் புரிந்தது: ‘ஐந்தாம் வகை. புற்றுநோய் என்று சந்தேகிக்க இடமுண்டு.’ மொத்தமே ஆறு வகைதான் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆறில் ஐந்து.

அவருக்குக் கண் இருட்டியது. பைக் நிறுத்தும் இடத்தில், யாருடைய பைக் என்று பார்க்காமல் ஒன்றின் மேல் சாய்ந்து நின்றார். அவளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்பதிலேயே அந்த நினைப்பு முட்டி நின்றது. பயந்த மனிதன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்வான். அவர் அந்த நிமிஷமே நிமிர்ந்து நின்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்: “மத்த ரெண்டு கொட்டேஷன் எங்கே?”

அன்று சாயங்காலம் மனைவி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு அதை மடித்துக் கைப்பைக்குள் வைக்கப்போனாள்.

“நாளைக்குக் காலைல டாக்டரப் பாத்துட்டு வந்துடறேன்.”

“எதை வச்சுப் போவ?”

“கழுத்த வச்சுத்தான்.”

“விளையாடாத. ஒரே ஒரு ரிப்போர்ட்ட நம்பி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பேரு சிங்கிள் டெண்டர். ஆடிட்ல நிக்காது.”

“ஏங்க, என் கழுத்துக்கு யாருங்க ஆடிட் பண்ணப் போறது?”

“நாளைக்கே உங்க அண்ணன் கேப்பாரு. ஏன் இன்னொரு இடத்துல காட்டலன்னு. எங்க அக்கா கேக்கும். நான் என்ன பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கறேன்.”

“நீ எப்படிச் சொல்ல முடியும்? நீ சம்பந்தப்பட்ட பார்ட்டி.”

அவர் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அதைக் கேட்டுத்தான் அவள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். பயந்துபோன ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது சட்டென்று பிடுங்கக்கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள் செய்த தப்பு.

ஊசியில் எடுத்த சங்கதியைக் கண்ணாடித் துண்டுகளில் பூசி வைத்திருப்பார்கள். கேட்டுக் கையெழுத்துப் போட்டால் அந்த ஸ்லைடுகளைச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தருவார்கள். கொட்டேஷன் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இரண்டாவது லேபுக்குப் போனார். அங்கே பார்த்தவர் எழுதினார்: ‘நான்காம் வகை.’

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதே மனைவி, அதே கழுத்து, அதே கண்ணாடித் துண்டு. இரண்டு தெரு தாண்டியதில் நோய் ஒரு வகை இறங்கியிருந்தது. சாதாரண மனிதன் இதைக் கண்டு குழம்பியிருப்பான். கொள்முதல் மேலாளருக்கு இது தினமும் பார்க்கும் காட்சி. கடைக்காரர் முதலில் சொல்வது விலையா என்ன? அது ஓர் ஆரம்பம்.

மூன்றாவது இடத்தில் அவர் பேத்தாலஜிஸ்ட்டையே நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தேடி மனிதர்கள் வருவதில்லை, துண்டுகள்தான் வரும். முழு மனிதர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், ஒரு இடத்துல அஞ்சு. இன்னொரு இடத்துல நாலு. நீங்க எவ்வளவு சொல்றீங்க?”

“நான் இன்னும் பாக்கவே இல்லையே.”

“பாக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஐடியா கொடுத்தீங்கன்னா வசதியா இருக்கும்.”

பேத்தாலஜிஸ்ட் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஸ்லைடில் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்க்கிற பார்வை. பிறகு ஸ்லைடைப் பொருத்தி, கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“பேஷன்ட்டோட ஸ்கேன் இருக்கா? கட்டி எவ்வளவு பெரிசு? தொட்டா கெட்டியா இருக்கா, மெத்துனு இருக்கா? வேற எங்கேயாவது வீக்கம்?”

“அதெல்லாம் சொல்ல மாட்டேன் சார்.”

“ஏன்?”

“சொன்னா நீங்க அதுக்கேத்த மாதிரி கொட் பண்ணுவீங்க. இது சீல் வச்ச டெண்டர்.”

“சார், இதுல செல்லே ரொம்பக் கம்மியா இருக்கு. ரத்தந்தான் நிறைய. வெறும் இத வச்சு நான் உறுதியா ஒன்னும் சொல்ல முடியாது. மூணாம் வகைன்னுதான் போடணும்.”

கொட்டேஷன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “மூணா?”

“சந்தோஷப்படாதீங்க. மூணுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. எனக்குத் தெரியலன்னு அர்த்தம்.”

“தெரியலன்னு ஒத்துக்கறீங்க பாருங்க, அங்கதான் சார் உங்க நேர்மை நிக்குது. மத்த ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டாங்க.” அவர் எழுந்து இரண்டு கைகளாலும் பேத்தாலஜிஸ்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கிட்டத்தட்ட நீங்கதான் சார் எல்-ஒன்.”

குறைவாகச் சொன்னவருக்கு அந்த உலகில் ‘எல்-ஒன்’ என்று பட்டம். பேத்தாலஜிஸ்ட்டுக்கு அது தெரியாது. ஏதோ மருத்துவ விருது என்று நினைத்துக்கொண்டு, “பரவால்ல சார்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, ‘உறை திறப்புக் கூட்டம்’ நடந்தது. மூன்று ரிப்போர்ட்டையும் அவர் ஏற்கெனவே படித்திருந்தார். ஆனாலும் நடைமுறை கெட்டுவிடக்கூடாது என்று மறுபடியும் உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டியிருந்தார். குழுவில் மொத்தம் மூன்று பேர். அவர் தலைவர். மனைவியின் அண்ணன் தொழில்நுட்ப உறுப்பினர். ஏனென்றால் அவர் கைப்பேசியில் ரிப்போர்ட் படித்துப் பொருள் சொல்லும் செயலி ஒன்று இருந்தது. கொட்டேஷனின் அக்கா அனுபவ உறுப்பினர். அந்த அம்மாள் பல வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவள், ஆகவே கழுத்து விஷயத்தில் குடும்பத்திலேயே சீனியர். மனைவிக்குச் ‘சிறப்பு அழைப்பாளர்’ என்ற கௌரவம் வழங்கப்பட்டது. ஓட்டு கிடையாது. கழுத்தின் உரிமையாளருக்கு ஓட்டுக் கொடுத்தால் முடிவில் சொந்த விருப்பு வெறுப்பு புகுந்துவிடும்.

“தம்பி, எனக்கும் இதே கழுத்துதான்” என்று அக்கா கூட்டத்தைத் தொடங்கி வைத்தாள். “எனக்கு வெறும் மாத்திரையிலேயே சரியாயிடுச்சு.”

“அண்ணி, உங்களுக்குக் கட்டியே இல்லையே” என்றாள் சிறப்பு அழைப்பாளர்.

“இருந்திருந்தா அதுவும் சரியாயிருக்கும்.”

இது குறிப்பில் ஏற்றப்பட்டது.

அண்ணன் மூன்று ரிப்போர்ட்டையும் படமெடுத்துச் செயலிக்கு ஊட்டினார். செயலி முதலில், ‘இது மிக அருமையான கேள்வி’ என்று பாராட்டியது. பிறகு இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம், எதற்கும் மருத்துவரைப் பார்க்கவும் என்றது.

“என்ன மச்சான், டாக்டரப் பாக்கச் சொல்லுது?”

“அது எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லும் மாப்பிள்ளை. நேத்து செடிக்கு ஏன் இலை பழுக்குதுன்னு கேட்டேன். அதுக்கும் நிபுணரப் பாருன்னுச்சு.”

அட்டவணை தயாரானது. வகை, செல்லின் அளவு, செல்லின் எண்ணிக்கை, கையெழுத்தின் தெளிவு, லேபில் உட்கார நாற்காலி உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். அப்போதுதான் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

“மாப்பிள்ளை, மூணுலயும் கடைசில ஒரே வரி இருக்கு. ‘நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர், தம் பரிசோதனையோடு பொருத்திப் பார்த்து முடிவு செய்யவும்’னு. இத எந்தக் கட்டத்துல போடறது?”

“எதுலயும் போடக்கூடாது. மூணு பேரும் ஒன்னயே சொன்னா அத வச்சு எப்படி ஒப்பிடறது? அதுக்குப் பேரு காமன் கண்டிஷன். ‘சரக்கை ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’னு எல்லா அட்டைப் பெட்டிலயும் அச்சடிப்பான் பாருங்க, அந்த மாதிரி. அடிச்சுடுங்க.”

அடித்தார்கள்.

பச்சை மையில் வட்டம் விழுந்தது. மூன்றாம் வகை ஒருமனதாக ஏற்கப்பட்டது. அக்கா கைதட்டினாள். கொட்டேஷனின் முகத்தில் அந்தப் பழைய நிம்மதி மெல்லப் பரவியது. சில நாட்களாக அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு. அந்த வட்டத்தைப் போட்ட பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. மனைவி அந்த முகத்தைப் பார்த்தாள். டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நல்ல காரியத்தை உலகம் கவனிக்காமல் விடுவதில்லை. தொழிற்சாலையில் மாதாமாதம் நடக்கும் ‘தொடர் மேம்பாட்டுக் கூட்ட’த்தில் அவர் இதை ஒரு முன்மாதிரியாக எடுத்துச் சொன்னார். ஐந்தாம் வகையாக ஆரம்பித்ததை விடாமுயற்சியால் மூன்றாம் வகைக்குக் கொண்டுவந்ததைக் கேட்டுப் பொது மேலாளர் நெகிழ்ந்துபோனார்.

“நாப்பது பர்சன்ட் ரிடக்ஷன்” என்றார் பொது மேலாளர். “அதுவும் தரத்துல எந்தக் கொறையும் இல்லாம. நம்ம வால்வு சப்ளையர்ட்ட இத ஏன் நம்மால சாதிக்க முடியல?”

வால்வு வாங்கும் பிரிவினர் தலைகுனிந்தார்கள். கொட்டேஷனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. அதை வரவேற்பறையில் மாட்டினார். ஆணி அடிக்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது மனைவிதான்.

மழை வந்தது, நின்றது. டிரைவிங் ஸ்கூலில் ஒரு பேட்ச் மாணவர்கள் லைசென்ஸ் வாங்கிப் போய், அடுத்த பேட்ச் வந்து கிளட்ச்சைத் தேய்க்க ஆரம்பித்திருந்தது. மனைவி இடையிடையே ஏதாவது சொல்வாள்.

“ஏங்க, முழுங்கும்போது ஒரு மாதிரி இருக்கு.”

“ரிப்போர்ட்ல அப்படி எதுவும் இல்லையே.”

“குரல் கம்முது.”

“நீ கத்தற கத்துக்கு இரும்புத் தொண்டையா இருந்தாலும் கம்மும். மூணாம் வகைல குரலெல்லாம் கம்மாது. நான் பாத்துட்டேன்.”

அவர் பார்த்தது உண்மைதான். தினமும் காலையில் ஃபைலைத் திறந்து அட்டவணையைப் பார்ப்பார். வட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டி வளர்ந்திருக்குமோ என்ற கவலை வரும்போதெல்லாம் ஃபைலைத் திறந்து, வளரவில்லை என்று உறுதி செய்துகொள்வார்.

ஒருநாள் மத்தியானம் அவள் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். வாசலில், கூரையில் மஞ்சள் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் இன்ஜின் அணைக்காமல் நின்றது. அவருக்கு அன்று விடுமுறை, பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

“சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.” குரல் காற்றாகத்தான் வந்தது.

“என்ன ஆச்சு?”

“நிறுத்துன்னு சொன்னேன். கார் ஓட்டின பொண்ணுக்குக் கேக்கல. ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னாடி போய் இடிக்கப் பாத்தா. நான் பிரேக்க அழுத்தலன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்? இனிமே நான் யாரையும் கேக்கறதா இல்ல. வர்றதா இருந்தா வாங்க.”

“கமிட்டியக் கூப்பிட்டு ஒரு வார்த்த...”

அவள் காருக்குப் போய்விட்டாள். அவர் ஒரு கையில் சட்டையும் இன்னொரு கையில் ஃபைலுமாக ஓடிப்போய் ஏறினார். ஃபைல் இல்லாமல் அதிகாரி எங்கேயும் போகக்கூடாது. வழியில் மூன்று சிக்னல். அவள் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். அவர்தான் அவ்வப்போது, “ஃபைல எடுத்துட்டுப் போறதும் நல்லதுதான், டாக்டருக்கு வேலை மிச்சம்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

சர்ஜன் அம்மாவுக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது.

“எங்க போயிட்டீங்க? ரிப்போர்ட் வந்ததும் வரச் சொன்னேனே. போன்கூட ரெண்டு தடவ பண்ணச் சொன்னேன்.”

“அத நான்தான் எடுத்தேன் டாக்டர்” என்றார் கொட்டேஷன் பணிவாக. “நடவடிக்கைல இருக்குன்னு சொன்னேன்.” ஃபைலைப் பிரித்து, அட்டவணையை மேஜையின் மேல் விரித்து, கசங்கிய ஓரத்தைக் கையால் நீவிவிட்டார். “மூணு இடத்துல வாங்கி, முறையா ஒப்பிட்டு, மூணாம் வகைல முடிச்சிருக்கோம். கீழ மூணு பேர் கையெழுத்தும் இருக்கு.”

சர்ஜன் அட்டவணையைப் பார்த்தார். பச்சை வட்டத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். மனைவியின் பின்னால் வந்து நின்று, இரண்டு கை விரல்களையும் அவள் கழுத்தில் மெதுவாக வைத்தார்.

“முழுங்குங்க. ம். இன்னொரு தடவ.” விரல்கள் ஓரமாக நகர்ந்து, காதுக்குக் கீழே வந்து நின்றன. “இங்க இன்னொன்னு இருக்கே. இது அன்னைக்கு இல்ல.”

“ஆமா டாக்டர். மழை ஆரம்பிச்சப்ப வந்துச்சு. அதுக்கு மேல இன்னும் சின்னதா ஒன்னு இருக்கு.”

“எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?” என்றார் கொட்டேஷன்.

“நீங்க ரிப்போர்ட்டத்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. என்னைக் கேக்கலையே.”

சர்ஜன் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியைப் பார்த்து மட்டும் சொன்னார்.

“அப்பவே வந்திருந்தா அனேகமா சுரப்பியில பாதிய எடுத்தாப் போதும்னு இருந்திருக்கும். இப்ப முழுசா எடுக்கணும். பக்கத்துல பரவினதையும் எடுக்கணும். ஆயுசுக்கும் மாத்திரை. குரல் எவ்வளவு திரும்பி வரும்னு ஆபரேஷனுக்கு அப்புறந்தான் சொல்ல முடியும். பயப்படாதீங்க, இது குணப்படுத்தக்கூடியதுதான். ஆனா இந்த வாரமே.”

“சரி டாக்டர்” என்றாள் அவள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டேஷன் அட்டவணையின் மேல் வைத்திருந்த கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். சர்ஜன் அவரை அருகே கூப்பிட்டார். அவர் விரலைப் பிடித்துக் கொண்டுபோய், மனைவியின் காதுக்குக் கீழே அந்த இடத்தில் வைத்தார்.

“தெரியுதா?”

தோலுக்கு அடியில் கெட்டியாக, உருண்டையாக ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. அவர் தலையசைத்தார்.

கட்டி வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கழுத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.